மூன்றாவது துண்டு

சாயங்காலம் துண்டுகளை மாற்றிவிட்டுப் போயிருந்தார்கள். குளியலறையில் இப்போது மூன்று தொங்கின. இரண்டு பெரியது, ஒன்று சின்னது. தங்க வந்ததோ இரண்டு பேர். லாட்ஜ்காரர்களுக்கு எண்ணத் தெரியாது போலிருக்கிறது என்று முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. தொட்டுப் பார்த்தாள். பெரியது இரண்டும் காய்ந்திருந்தன. சின்னது மட்டும் ஈரமாக இருந்தது.

கணவனுக்கு ஊர் ஊராகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. மாசத்தில் பாதி நாள் வெளியூர்தான். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடக்காதே, இந்தத் தடவை நீயும் வா" என்று விடாப்பிடியாகக் கூட்டிவந்தான். ராத்திரி வெகுநேரம் கழித்து வந்து சேர்ந்த மறுநாளே விடிந்தும் விடியாமலும் டூல் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். தெருப்பெயர்கூடத் தெரியாத ஊர். பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர் ஆபீஸை வேடிக்கை பார்த்தாயிற்று. இப்போது அங்கே மாடி மாடியாக விளக்கு அணைந்துகொண்டிருந்தது.

துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். குழந்தை சோப்பு வாசனை. போன வருஷம் வரை அவள் வீட்டிலும் இதே வாசனைதான். ஆறு வயசுக் குட்டி ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, மிச்சமிருந்த அரை சோப்பைத் தூக்கிப் போடவும் மனசில்லாமல், கண்ணெதிரே வைத்திருக்கவும் முடியாமல், அந்த வீட்டையே காலி செய்துவிட்டு வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்கள்.

கீழே வரவேற்பறைக்குப் போன் போட்டாள்.

"யாரோட துண்டையோ இங்க மாட்டியிருக்கீங்க. ஈரமா வேற இருக்கு."

"உங்க வீட்டுக்காரர்தாம்மா கேட்டார்," என்றாள் அங்கிருந்த பெண். "எப்ப வந்து தங்கினாலும் குழந்தைக்குன்னு சின்னதா ஒண்ணு கேட்டு வாங்கிப்பார்."

"எந்தக் குழந்தைக்கு?"

"நாங்க பார்த்ததில்லைம்மா. அவர் தங்குற நாள்ல சாயங்காலம் லிஃப்டுக்குள்ள தண்ணி சொட்டியிருக்கும். துடைச்சிடுவோம்."

உடனே கணவனைக் கூப்பிட்டாள். இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி முதல் மணியிலேயே எடுத்தான்.

"ஏங்க, சின்னத் துண்டு யாருக்கு?"

"உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியலம்மா. அவ வர்றா. எந்த ஊர்ல ரூம் போட்டாலும் வந்துடுறா. இருட்டுற நேரத்துல கதவைத் தட்டுவா."

"யாரு?" என்று கேட்டாள். யாரென்று அவளுக்குத் தெரியும்.

"தூக்கிட்டுப் போனது நான்தானே. என் பின்னாலயே திரும்பி வந்துட்டா. புது வீடு அவளுக்குத் தெரியாதில்ல. அம்மா எங்கே, அம்மா எங்கேன்னு அதையே கேக்குறா. நான் தலையைத் துவட்ட வந்தா விடமாட்டா. அம்மாதான் துவட்டணுமாம்." அவன் குரல் உடைந்தது. "முதல்ல நல்லாத்தான் நடந்து வந்தா. இப்ப தடவைக்குத் தடவை தேஞ்சு போய் வர்றா. என்னால பார்க்க முடியலை. நீதானே அவளை வரச் சொன்னே. நீதான் போகச் சொல்லணும்."

அன்றைக்குக் கடைசியாகக் குளிப்பாட்டியது அவள்தான். தலையைத் துவட்டுவதற்குள் நேரமாகிறதென்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். குழந்தையை ஏந்திக்கொண்டு அவன் வாசலில் இறங்கினான். தினமும் ஸ்கூல் வேனுக்கு அனுப்பிப் பழகிய வாய். அதே வாசல், அதே காலை. "போயிட்டு வா கண்ணு" என்று சொல்லிவிட்டாள். அந்த இடத்தில் யாரும் சொல்லக் கூடாத வார்த்தை. அழுதுகொண்டிருந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டார்கள். நாத்தனார் ஓடிவந்து வாயைப் பொத்தினாள். பொத்தி என்ன பிரயோஜனம், சொன்னது சொன்னதுதான்.

"'போ'ன்னு மட்டும் சொல்லு," என்றான் அவன். "பின்னால எதையும் சேர்க்காதே. போனை வைக்காதே, நான் கூடவே இருக்கேன்."

போனைக் கட்டில்மேல் வைத்தாள். விளக்கைப் போடத் தோன்றவில்லை. கண்ணாடியைப் பார்த்து "போ" என்று சொல்லிப் பார்த்தாள். இன்னொரு தடவை சொன்னாள். குழாயில் எங்கோ தண்ணீர் ஓடி அடங்கியது, பக்கத்து அறை டிவி முணுமுணுத்து ஓய்ந்தது, வராந்தா விளக்கின் மஞ்சள் கோடு கதவுக்கடியில் மெலிசாக வந்து கிடந்தது, சோப்பு வாசனையோடு மழையில் நனைந்த மண்ணின் வாசனையும் சேர்ந்து அறை முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. கீழே லிஃப்ட் கிளம்பியது.

ஏறியது. நின்றது. கதவு திறந்தது.

சொத். சொத். ஈரக்கால் சத்தம். ஒரு கால் இழுபட்டது.

தட்டும் சத்தம் அவள் இடுப்புயரத்தில் கேட்டது. அவளுக்கு இருந்தது பயமா ஆசையா என்று பிரிக்க முடியவில்லை. கதவைத் திறந்தாள்.

"வந்துட்டேம்மா."

அன்றைக்குப் போட்டுவிட்ட அதே கவுன். நெற்றியில் ஒட்டிய முடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. முகம் நீலம் பாரித்திருந்தது. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் பாதம் முழுசாக இல்லை.

"கால் வலிக்குதும்மா. ரொம்ப தூரம்."

மண்டிபோட்டு உட்கார்ந்து சின்னத் துண்டால் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட ஈரம் குறையவில்லை. துண்டு பழுப்பானது. அதில் மண் வந்தது. பிறகு முடி, கொத்தாக. குழந்தை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு தூரம் இதற்காகத்தான் நடந்து வந்திருக்கிறாள் என்று நினைத்தபோது அவளுக்கு ஈரக்குலையே அறுந்தது.

"சொல்லிடும்மா," என்றது கட்டில்மேலிருந்த போன். "அவ பாவம். சொல்லிடு."

"நான் போகட்டுமாம்மா?" என்றாள் குழந்தை. "தூக்கம் வருது."

"போ..." என்றாள். இனி இந்தத் தலையைத் தொட முடியாது. இந்தக் குரல் கேட்காது. "போயிட்டு..."

பல்லைக் கடித்தாள். நாக்கின் பழக்கமா, வயிற்றின் ஆசையா, அவளுக்கே தெரியாது.

"வா," என்றாள்.

குழந்தை கண்ணைத் திறந்து அவளையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. களைப்புதான் இருந்தது.

"சரிம்மா. வரேன்."

சொத். சொத். லிஃப்ட் மூடியது. இறங்கியது.

கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்தாள். கையில் துண்டு கனத்தது.

"சொன்னியா?" என்றது போன். "என்ன சொன்னே? ஏன் பேசமாட்டேங்குறே?"

கீழே லிஃப்ட் மறுபடி கிளம்பியது.

ஏறியது. நின்றது. இந்தத் தடவை கால் சத்தமே இல்லை. ஏதோ தரையோடு தரையாக இழுபட்டு வந்தது. மெதுவாக. நின்று நின்று.

கதவுக்கடியில் கிடந்த மஞ்சள் கோடு மறைந்தது.

தட்டும் சத்தம் கேட்டது. கதவின் அடியில், தரையை ஒட்டி.