கண்ட்ரோல், நான் வெளிய வரலாமா?

வானம் இருட்டிக்கொண்டு நின்ற ஒரு காலையில், புதுப் போன்கள் மாட்டித் தருகிற போன்காரர் வேன் நிறையப் பெட்டிகளோடு ஆலைக்கு வந்து சேர்ந்தார். அவரை அழைத்துவர, கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்க்கிற அவளே வாசல்வரை போயிருந்தாள். காவல்காரர் அவருடைய செல்போனையும் லைட்டரையும் வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

"பல்லையும் கழட்டிக் கொடுக்கணுமா? அதுவும் கழட்டி மாட்டறதுதான்" என்றார் போன்காரர்.

காவல்காரர் சிரிக்கவில்லை. பெயின்ட் கரைக்கிற திரவங்களைத் தொட்டி தொட்டியாகச் சேர்த்து வைக்கிற ஆலை அது. எந்த மூலையில் நின்றாலும் நெயில் பாலிஷ் நெடி மூக்கில் ஏறும். ஒரு பொறி போதும். அந்தப் பொறி விழுந்து இரண்டு வருஷம் ஆகியும், அங்கே யாருக்கும் அதைப் பற்றி வேடிக்கை பேச வாய் வருவதில்லை.

போன்காரர் அதைப் புரிந்துகொண்டு குரலைத் தணித்தார். "நீங்கதானே கண்ட்ரோல்? இவ்வளவு பெட்டியும் உங்க ஒருத்தரோட பிடிவாதத்தாலதான் வந்துச்சுன்னு சொன்னாங்க. என் முதுகு உங்களை வாயார வாழ்த்துதும்மா."

அவளுக்கே தெரியாமல் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போயிற்று. அவர் சொன்னது நிஜம்தான். நடையாய் நடந்து, பார்க்காத அதிகாரி இல்லை, கேட்காத பேச்சு இல்லை என்றாகி, கடைசியில் அவள் வாங்கிக் கொண்டுவந்தவைதான் அந்தப் பெட்டிகள்.

அவள் வேலை குரல் வேலை. கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து திரைகளைப் பார்த்துக்கொண்டே மைக்கில் பேசுவாள். ஆலை முழுவதும் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி ஹார்ன்களில் அவள் குரல் ஒலிக்கும். யாரை எங்கே அனுப்புவது, எந்தப் பம்பை ஓட்டுவது, எதை நிறுத்துவது, எல்லாம் அந்தக் குரல்தான். அதனால் அவளுக்குப் பெயரே கண்ட்ரோல் என்றாகிவிட்டது.

அவள் கணவன் பின்பக்கத்துப் பம்பு ஹவுஸில் பம்பு ஆபரேட்டர். போன் லைனில் பேசும்போது புருஷன் பெண்டாட்டி உறவெல்லாம் கிடையாது. "கண்ட்ரோல், பம்பு ஓடுது." "சரி, பம்பு ஹவுஸ்." அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வந்துவிட்டால் அவன் அடிக்கிற கூத்து தாங்காது. பால் வாங்கக் கிளம்பும்போதுகூட வாசலில் நின்று கைகட்டிக் கேட்பான்: "கண்ட்ரோல், நான் வெளிய வரலாமா?" அவர்களுடைய பாப்பா விழுந்து விழுந்து சிரிக்கும்.

அந்தக் கேள்வி வீட்டில் விளையாட்டு. ஆலையிலோ அது சட்டம். கண்ட்ரோல் சொல்லாமல் பம்பை விட்டு ஆபரேட்டர் நகரக் கூடாது.

பொறி விழுந்த அன்றைக்குத் தொட்டிப் பக்கம் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போய், ஆவி தரையோடு தரையாகப் பரவியது. அவள் மைக்கை அழுத்தி எல்லாரையும் வெளியே வரச் சொன்னாள். வந்தார்கள், ஒருவனைத் தவிர. பம்பு ஹவுஸ் ஹார்னின் உள்ளே கம்பி அரித்துப்போய் எப்போதோ செத்திருந்தது. பழைய ஹார்ன் செத்தால் யாருக்கும் தெரியாது. பேசுகிறவருக்குத் தன் குரல் போய்ச் சேர்ந்ததாகத்தான் தோன்றும். அவள் கூப்பிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். கடைசியில் பம்பு ஹவுஸ் என்பதெல்லாம் மறந்துபோய், "ஏங்க, வந்துருங்களேன்!" என்று அவள் கதறியது ஆலையின் எல்லா ஹார்னிலும் கேட்டது.

அவன் தலைக்கு மேலிருந்த ஹார்னில் மட்டும் கேட்கவில்லை.

தீயை அணைத்துவிட்டு உள்ளே போனவர்கள், அறுந்துபோன லைனின் ரிசீவர் அவன் கையில் இருந்தது என்றார்கள்.

"இதுல அந்தக் கதையே கிடையாதும்மா" என்றார் போன்காரர், ஒரு பெட்டியைத் திறந்து காட்டி. கனத்த வார்ப்பு உலோகத்தில் செய்த பெட்டி. சுற்றிலும் போல்ட்டுகள். "ஒரு போல்ட்டை விட்டாலும் ஆபத்து. எல்லாத்தையும் முறுக்கிட்டா, உள்ள பொறியே பறந்தாலும் வெளிய இருக்கிற ஆவியைத் தொடாது. பேச்சு இன்டர்நெட்ல போற மாதிரி போகும். ஒவ்வொரு போனுக்கும் தனி விலாசம். கூட இருக்கிற ஹார்ன் தன்னைத் தானே சோதிச்சுக்கிட்டே இருக்கும். உசிரோட இருந்தா உங்க திரையில பச்சை. செத்தா சிவப்பு."

"செத்தா தெரிஞ்சுருமா?"

"உடனே தெரிஞ்சுரும்."

அவள் அதையே இன்னொரு தரம் கேட்டாள். அவரும் முகம் சுளிக்காமல் இன்னொரு தரம் சொன்னார்.

பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தியிருந்த சமயம் அது. ஆள் நடமாட்டம் குறைவு. போன்காரர் ஒவ்வொரு இடமாக மாட்டிக்கொண்டே போனார். வாசல், படிக்கட்டு, தொட்டிப் பாதை, லாரி நிற்கிற கொட்டகை. பம்பு ஹவுஸைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார். அங்கே இப்போது பம்புகள் இல்லை. வெள்ளையடித்த வெற்றுச் சுவர்கள்தான்.

அங்கே போனவர் மத்தியானமே திரும்பி வந்துவிட்டார்.

"பெட்டியை மாட்டிட்டேன் கண்ட்ரோலம்மா. ஒயரை நாளைக்கு இழுத்துக்கறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"மழை." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார்: "அங்க யாரையாச்சும் வேலைக்குப் போட்டிருக்கீங்களா?"

"இல்லையே."

"இல்ல... நான் ஏணி மேல நின்னப்ப யாரோ வந்து கீழ பிடிச்சுக்கிட்டாங்க. ஆடாம, அசையாம. நல்ல மனுஷன்னு நினைச்சுக்கிட்டேன். நன்றி சொல்லலாம்னு குனிஞ்சு பார்த்தா, யாருமே இல்ல."

யார் ஏணியில் ஏறினாலும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடிக்கிற ஓர் ஆளை அவளுக்குத் தெரியும்.

மாட்டி முடித்தவற்றையாவது சோதித்துவிடலாம் என்று போன்காரர் வாசல் போனுக்குப் போனார். மழை வலுத்து, பகலிலேயே விளக்குப் போட வேண்டியதாயிற்று. திரையில் ஆலையின் வரைபடம். போன் இருக்கிற இடமெல்லாம் பச்சைப் புள்ளி. பம்பு ஹவுஸ் மட்டும் சாம்பல் நிறம். ஒயர் போகாத இடம் அப்படித்தான் இருக்கும்.

அவள் மைக்கை அழுத்தினாள். "இது சோதனை அறிவிப்பு. எல்லாரும் வெளிய வாங்க. இது சோதனை அறிவிப்பு."

மழையைக் கிழித்துக்கொண்டு அவள் குரல் நாலா பக்கமும் போயிற்று. தொட்டிகளில் மோதி அவளிடமே திரும்பி வந்தது.

பிறகு நிசப்தம்.

சாம்பல் புள்ளி பச்சையாயிற்று.

அவள் வாசல் போனைக் கூப்பிட்டாள். "பம்பு ஹவுஸுக்கு எப்ப ஒயர் கொடுத்தீங்க?"

"கொடுக்கலையேம்மா. ஒயர் சுருள் என் தோள்லதான் தொங்குது. அந்தப் பெட்டிக்கு மூடிகூட இன்னும் போடல."

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பச்சைப் புள்ளி மினுங்கத் தொடங்கியது. அங்கே யாரோ ரிசீவரை எடுத்திருக்கிறார்கள்.

அவள் விரல் தானாகவே பொத்தானுக்குப் போயிற்று.

முதலில் ஓர் இரைச்சல். பம்பு ஓடுகிற இரைச்சல். பம்பே இல்லாத அறையிலிருந்து.

அப்புறம் மூச்சு. நெஞ்சில் ஏதோ அடைத்துக்கொண்டு, இழுத்து இழுத்து விடுகிற மூச்சு.

"கண்ட்ரோல்."

அவள் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தாள்.

"கண்ட்ரோல், நான் வெளிய வரலாமா?"

விளையாட்டுக் குரல் இல்லை. தொண்டை வறண்டு, கெஞ்சுகிற குரல். "ரொம்ப நேரமா கேட்டுக்கிட்டே இருக்கேன். நீ பதிலே சொல்லல."

"கூப்பிட்டேங்க" என்றாள். மறுபடியும் சொன்னாள். "கூப்பிட்டுக்கிட்டேதாங்க இருந்தேன்."

"இங்க கேக்கலையே."

குறையாக அவன் அதைச் சொல்லவில்லை. மழை பெய்யுது என்பதுபோலச் சொன்னான். அதுதான் அவளைத் துண்டு துண்டாக உடைத்தது.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அங்கேயே இருங்க' என்றால் இருப்பான். சொல்லாமல் நகராத ஆள். தினமும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே பொத்தானை அழுத்தி, அந்தக் குரலைக் கேட்கலாம். அந்த ஆசை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

அந்தப் பக்கம் இருமல். அடங்காத இருமல்.

"ரொம்பச் சூடா இருக்கு கண்ட்ரோல்."

"வாங்க" என்றாள். "வெளிய வந்துருங்க. இப்பவே."

"புகையா இருக்கு. கண்ணே தெரியல."

"நான் வழி சொல்றேன். வலது கைப் பக்கம் குழாய் வரும். பிடிச்சுக்கிட்டே வாங்க. ஹார்ன் அடிக்கறேன். சத்தம் எங்கயோ அங்க வாங்க."

தொட்டிப் பாதையின் ஹார்னை அடித்தாள். மழைக்குள் அது மாடு கத்துவதுபோலக் கத்தியது. பம்பு ஹவுஸ் புள்ளியின் மினுக்கம் நின்றது. தொட்டிப் பாதைப் புள்ளி மினுங்கியது.

"வந்துட்டேன்."

அடுத்தது கொட்டகை. ஹார்ன். காத்திருப்பு. மினுக்கம்.

"வந்துட்டேன் கண்ட்ரோல். இப்ப?"

கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பாதை வெறிச்சோடிக் கிடந்தது. கொட்டகைச் சுவரில் ஒரு ரிசீவர் மட்டும் தன் பெட்டியிலிருந்து எழும்பி, ஒரு மனிதனின் காது உயரத்தில் அந்தரத்தில் நின்றது.

அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த ஹார்னை அடித்தாள். அடித்த பிறகுதான் உறைத்தது.

அடுத்தது படிக்கட்டுப் போன். அவள் அறைக் கதவுக்கு வெளியே இருப்பது.

இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம். மெதுவாக. ஒவ்வொரு படியிலும் நின்று, மூச்சு வாங்கி.

கதவிடுக்கு வழியாகக் கருகிய நெடி உள்ளே வந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது, நுரை கலந்த கறுப்புத் தண்ணீர். நாற்காலிக் காலைத் தொட்டு நின்றது.

"கண்ட்ரோல்." ஸ்பீக்கரிலும் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கமும் கேட்டது. "உள்ள வரலாமா?"

கைப்பிடி கொஞ்சமாக இறங்கியது. அவள் சொல்லுக்காக அப்படியே நின்றது.

எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட உடம்பு பறந்தது. ஆனால் அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. கடைசியாக அவனை எப்படிக் காட்டினார்கள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. முகத்துணியை விலக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"வேண்டாங்க" என்றாள். கன்னத்தில் வழிந்தது மைக்கில் சொட்டியது. "உங்க ஷிப்ட் முடிஞ்சுது. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க. நீங்க... வீட்டுக்குப் போங்க."

"சரி, கண்ட்ரோல்."

கைப்பிடி மேலே எழும்பியது. ரிசீவரைப் பதமாக வைக்கிற சத்தம். பூட்ஸ் சத்தம் இறங்கிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வாசல் போனிலிருந்து போன்காரர் பேசினார்.

"அம்மா... யாரோ என்னைத் தாண்டி வெளிய போனாங்க. கண்ணுக்குத் தெரியல. கேட் தானாத் திறந்துச்சு. போறப்ப என் தோளைத் தட்டிட்டுப் போனாங்கம்மா."

"பயப்படாதீங்க" என்றாள் அவள். "அவர் யாருக்கும் கெடுதல் பண்ணத் தெரியாதவர்."

பம்பு ஹவுஸ் புள்ளி மறுபடி சாம்பலாகியிருந்தது. அவள் மேஜையில் தலை கவிழ்ந்து, இரண்டு வருஷமாக உள்ளே கெட்டியாகிப் போனதெல்லாம் கரைய அழுதாள். அழுது முடித்தபோது நெஞ்சில் பாரம் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டான், இனி அவனுக்குச் சூடு இல்லை, புகை இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவுக்குள் திரும்பும்போதும் மழை விடவில்லை. வீட்டு வாசலில் நாத்தனார் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றாள். அண்ணி ஆலைக்குப் போகும் நேரமெல்லாம் பாப்பாவைப் பார்த்துக்கொள்கிறவள்.

"ஏன் இங்க நிக்கற? பாப்பா எங்க?"

"உள்ள இருக்கா அண்ணி. கூப்பிட்டா வர மாட்டேங்கறா." நாத்தனாரின் உதடு நீலம் பூத்திருந்தது. "கதவைத் தட்டற சத்தம் கேட்டுச்சு. திறந்தேன். யாருமே இல்ல. ஆனா அண்ணனோட... அந்த நெடி... நான் உள்ள வர மாட்டேன் அண்ணி."

அவள் வாசற்படியில் கால் வைத்தாள். வெள்ளைத் தரையில் ஈரமான பூட்ஸ் தடங்கள். கறுப்பு நீர். கூடத்தைக் கடந்து படுக்கை அறைக்குள் போயிருந்தன. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

படுக்கை அறைக் கதவை மெல்லச் சாத்திவிட்டு, பாப்பா நுனிக்காலில் வெளியே வந்தது. அதன் நெற்றியில், யாரோ விரலால் வருடிவிட்டதுபோல, ஒரு கரிக்கோடு.

உதட்டில் விரலை வைத்துக்கொண்டு அது கிசுகிசுத்தது.

"சத்தம் போடாதம்மா. அப்பா இப்பதான் தூங்கினார்."

மூடிய கதவுக்குப் பின்னால் கட்டில் ஒரு முறை கிறீச்சிட்டது, களைத்துப்போன ஓர் ஆள் புரண்டு படுப்பதுபோல.