பதினாலாம் நம்பர் வீட்டுக் கதவு

ஷைலா மிஸ் ஆளுக்கொரு ஆங்கிலச் சொல் கொடுத்திருந்தார். ஸ்வீட்லினுக்கு வாய்த்தது ‘டோர்’.

“அர்த்தம் மட்டும் போதாது. கதை எழுதறவங்க இதை எதுக்குக் கொண்டு வர்றாங்கன்னும் எழுதணும்” என்றிருந்தார் மிஸ்.

அர்த்தம் ஒரே சொல்லில் முடிந்தது: கதவு. அடுத்த வரிக்குத்தான் பேனா நகர மறுத்தது. சனிக்கிழமை மத்தியானம், ஆவடி குவார்ட்டர்ஸ் வாசற்படியில் உட்கார்ந்து எதிர்வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதினாலாம் நம்பர்க்காரர்கள் மாற்றலாகிப் போய் ஒரு வாரம். கதவில் குவார்ட்டர்ஸ் ஆபீஸ்காரர்கள் போட்ட பூட்டு தொங்கியது. மழை மேகம் கவிந்து தெருவே இருட்டிக் கிடந்தது.

டொக். டொக்.

பூட்டிய கதவுக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

பக்கத்து வீட்டுச் சரண் சைக்கிளை நிறுத்தினான். “இன்னாது அது?”

டொக். கதவின் அடியில், முழங்கால் உயரத்தில் யாரோ தட்டினார்கள்.

“அவ்ளோ கீழ எந்த மனுசன் தட்டுவான்? பேய்தான் கீது!” என்ற நம் வீரன் சரண், சைக்கிளைக் கூட மறந்துவிட்டு எடுத்தான் ஓட்டம்.

அப்போதுதான் ஸ்வீட்லினுக்கு ஒன்று நினைவு வந்து பகீரென்றது. காலி வீட்டின் பின்கதவு திறந்து கிடந்தால், அந்தப் பக்கம் போகிறவர்கள் வெளித்தாழ் போட்டுவிட்டுப் போவது அந்த வரிசையில் வழக்கம். நாய் நுழையக் கூடாது அல்லவா! அரை மணி முன்பு, கடைக்குப் போனபோது, பதினாலாம் நம்பருக்குத் தாழ் போட்டது இவளேதான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

பேயாயிருந்தால் திறக்கக் கூடாது. பேயில்லை என்றால்?

பின்பக்கம் ஓடினாள். தாழை இழுத்தாள்.

உள்ளே கும்மிருட்டு. பினாயில் நெடி. ஈரத் தரையில் சின்னச் சின்னக் காலடிகள் முன்கதவு வரை போயிருந்தன. அங்கே ஏதோ ஒன்று சுருண்டிருந்தது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தது.

“யா... யாரு?”

மூச்சைப் பிடித்துக்கொண்டு கிட்டே போனாள்.

வடிவு! வீடு கழுவ வரும் பொன்னியம்மாவின் மூன்று வயது மகள். கையில், கதவைத் தட்டிய டம்ளர். சளியில் தொண்டை கட்டிப்போய், அழுதும் குரல் வரவில்லை. ஸ்வீட்லின் அவளை வாரித் தூக்கிக்கொண்டாள்.

வாளியும் துடைப்பமுமாய் பொன்னியம்மா வந்தார். “தூங்கிகினு இருந்தாளேன்னு அடுத்த ஊட்டுக்குப் போனேன். எவ தாழ் போட்டது?”

யாரும் பார்க்கவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம். ஆனால் தோளில் குழந்தை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

“நான்தான்க்கா. பார்க்காமப் போட்டுட்டேன்.”

பொன்னியம்மா முறைத்தார். பிறகு அவருடைய முகம் இளகியது. “நல்லா போட்ட போ! சரி, இவளை வெச்சிகினு இரு. இன்னும் ஒரு ஊடு பாக்கி கீது.”

வாசற்படியில் உட்கார்ந்து, இடது கையால் குழந்தையை அணைத்தபடி, ஸ்வீட்லின் நோட்டில் எழுதினாள்: ‘கதையில் ஒரு கதவு மூடியிருந்தால், அந்தப் பக்கம் யாரோ காத்திருக்கிறார்கள்.’

வடிவு அவள் மடியிலேயே தூங்கிப்போனாள். ஸ்வீட்லினுக்குக் கால் மரத்துப்போனது. ஆனாலும் அவள் அசையவே இல்லை.