காற்றுக் குலத்துக் களஞ்சியம்

நம் கதைகள் வழக்கமாக உலாவுகிற ஆற்றங்கரைகளையும் அரண்மனை நந்தவனங்களையும் இன்று ஒரு மாலைப்பொழுதுக்கு மட்டும் மறந்துவிட்டு, மேலைக்கடலுக்கு அப்பால் வெகு தொலைவுக்கு என்னோடு வரும்படி வாசகப் பெருமக்களை அழைக்கிறேன். கலம் ஏற அஞ்ச வேண்டாம். கற்பனைக் கலத்தில் பயணம் செய்பவர்களுக்குத் தலைசுற்றல் வருவதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், புளோரிடா என்று ஸ்பானியர் பெயரிட்ட நாட்டில், கடலை நோக்கிச் சோம்பலாக ஊர்ந்துகொண்டிருந்த ஓர் ஆற்றின் மேல் நாம் போய் இறங்குகிறோம்.

கதிரவன் மறைந்து நிலவு எழும் நேரம். கரையோரத்து முதிய மரங்களின் கிளைகளிலிருந்து நரைத்த பாசி சடைசடையாகத் தொங்கி நீரைத் தொட்டுக்கொண்டிருக்க, அந்தச் சடைகளின் இடையே புகுந்த நிலவொளி அலைகளின் மேல் வெள்ளியைத் தெளித்தது. பாதி உடல் அமிழ்ந்து கிடந்த முதலைகள் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, உலகத்தில் தங்களுக்கு எதிலும் அக்கறையில்லை என்று பாசாங்கு செய்தன. ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் சான் தெல்மோ கோட்டையின் கல்மதில் கறுத்து உயர்ந்து நின்றது. பூசணியும் பழைய மக்காச்சோளமும் ஏற்றிய சில ஓடங்கள் அந்த மதிலை நோக்கி வரிசையாகச் சென்றுகொண்டிருந்தன.

முதல் ஓடத்தில் முக்காடு அணிந்து துடுப்பு வலித்துக்கொண்டிருந்த பெண்ணைத்தான் நாம் கவனிக்க வேண்டும். சுமை தூக்கும் பெண்ணைப்போல் அவள் உடுத்தியிருந்தாலும், சுமை தூக்குகிறவர்களுக்கு அவ்வளவு நிமிர்ந்த கழுத்து வாய்ப்பதில்லை. வத்துலா என்பது அவள் பெயர். ஆற்றின் மேற்பகுதியில் வாழ்ந்த கிரீக் என்னும் செவ்விந்திய மக்களில், மற்றக் குலங்கள் எழுந்து வழிவிடுகிற காற்றுக் குலத்தில் பிறந்தவள்.

அந்த மக்களின் செழிப்பை இங்கே சற்றுச் சொல்லியாக வேண்டும். ஆள் உயரத்துக்கு வளர்ந்த மக்காச்சோளம், அதன் தண்டைப் பற்றி ஏறும் அவரைக்கொடி, அடியில் படர்ந்த பூசணி என்று அவர்களுடைய வயல்கள் கண்ணுக்கெட்டிய மட்டும் பரந்து கிடந்தன. பசுக்களும் குதிரைகளும் இருந்தன. ஆடவர் வேட்டையாடிக் கொண்டுவந்த மான் தோல்களுக்காக ஆங்கில வணிகர்கள் கம்பளியையும் செப்புக் கொப்பரைகளையும் சுமந்துகொண்டு தேடி வந்தார்கள். இத்தனைக்கும் நடுவில் நம்மவர் கேட்டு வியக்கத்தக்க ஒரு வழக்கமும் உண்டு. வீடும் வயலும் களஞ்சியமும் பெண்களுடையவை. ஆண் வேட்டையாடுவான், போர் புரிவான், சபையில் பொழுது சாயும்வரை பேசுவான்; மணம் முடித்ததும் மனைவியின் வீட்டுக்கு வந்து, அவள் படைத்ததை உண்டு வாழ்வான். அவனுடைய பொருள்களை அவள் வாசலுக்கு வெளியே எடுத்துப் போட்டுவிட்டால், அன்றோடு அந்த மணம் முறிந்தது.

சான் தெல்மோவின் தளபதி தோன் எஸ்தெபான் அப்படித்தான் வத்துலாவின் வீட்டுக்குள் வந்தான். தானியம் கேட்டுத் தூது வந்தவன், அவள் கையால் ஒரு கலயம் கஞ்சி வாங்கிக் குடித்தான். மூன்றாம் முறை வந்தபோது அவள் குலத்து வழக்கப்படியே அவளை மணந்துகொண்டான். கோட்டைக் கடமை இல்லாத நாட்களில் ஆறேறி வருவான். அவளுக்குத் தன் மொழியைக் கற்பித்தான். அவன் பேச்சில் தேன் இருந்தது என்று சொன்னால் தேனுக்குக் கோபம் வரலாம், அவ்வளவு இனிமை. ஆனால் ஹவானாவிலிருந்து கப்பல் வந்த நாள்முதல் அவன் வரவில்லை. கப்பலில் கோட்டைக்கு வேண்டிய கோதுமை மாவு வரவில்லை, ஒரு பெண் வந்திருக்கிறாள் என்ற செய்திதான் வந்தது.

அத்தோடு போயிற்றா? இந்த ஆண்டு விளைச்சல் முழுவதையும் கோட்டைக்கே அனுப்ப வேண்டும் என்று எஸ்தெபான் முன்பே கேட்டிருந்தான். ஆங்கில வணிகர்களும் அதே விளைச்சலைக் கேட்டார்கள். குலத்தின் மூத்த பெண்கள் முடிவை வத்துலாவிடமே விட்டுவிட்டார்கள். புதுச்சோளத் திருவிழா முடிந்ததும் அவள் ஒரு சொல் சொல்ல வேண்டும். அவன் அவளுடையவன் என்றால் களஞ்சியம் அவனுக்கு. இல்லையென்றால்? அதைக் கண்ணால் கண்டு முடிவு செய்யத்தான் இந்த முக்காடும் இந்தத் துடுப்பும்.

"ஹாசி அக்கா, அவள் அழகியா?" என்று வத்துலா பின்னால் அமர்ந்திருந்த தன் குலத்துச் சகோதரியைக் கேட்டாள்.

"நான் பார்க்கவில்லையடி. பார்த்துவிட்டு வந்தவர்கள் உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றுகிறார்கள். நீயே தெரிந்துகொள்."

"என்னைவிடவா?"

"துடுப்பைத் தண்ணீரில் போடு தாயே, என் முழங்காலில் போடாதே!"

வத்துலாவின் கண்கள் மதிலை விட்டு அகலவில்லை. "எவ்வளவு பெரிய வீடு, அக்கா! எல்லாம் கல். என் வீடு வெறும் மண் பூசியது. அவளுடைய வீடு பெரிதாக இருப்பதால்தானே அங்கேயே தங்கிவிட்டார்?"

"அவள் வருவதற்கு முன்னாலும் இந்தக் கோட்டை இங்கேதானே நின்றது?"

"அவளுடைய தாய்வீட்டார் கட்டி வைத்துவிட்டு, அவள் வளர்ந்து வரக் காத்திருந்திருப்பார்கள்" என்றாள் வத்துலா. பெண்ணில்லாமல் வீடு ஏது என்று அறிந்திருந்தவளுக்கு அதில் ஐயம் தோன்றவில்லை.

கோட்டை வாயில் திறந்தது. வெறுங்காலோடு நின்ற கிழச் சார்ஜெண்ட் செபெரீனோ ஓடக்காரிகளை வணங்கி வரவேற்றான். கந்தலைக் கந்தலால் ஒட்டுப்போட்ட சட்டைகளோடு ஓடிவந்த வீரர்கள், கூடைகள் தரையில் இறங்குவதற்குள் பூசணியைப் பிளந்து பச்சையாகவே தின்றார்கள். வேறொரு நாளாக இருந்தால் வத்துலாவின் மனம் இளகியிருக்கும். இன்றைக்கு அவளுக்கு ஒன்றும் தென்படவில்லை. முற்றத்துக்கு மேலே, விளக்கெரியும் ஒரே சாளரம்தான் தென்பட்டது. ஒரு கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு அவள் படியேறினாள்.

அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். மயில்கழுத்து நிறத்தில் பட்டாடை. ஆமையோட்டுச் சீப்பு செருகிய கூந்தல். வெள்ளி விளக்குத் தண்டு, வெள்ளித் தட்டு. இவை போதாதென்று அந்தப் பெண்ணின் கழுத்து வேறு, நிலவு தனக்கென்று செய்துகொண்டதுபோல் இருந்தது. இவள் ஏன் அவலட்சணமாகப் பிறந்திருக்கக் கூடாது என்று வத்துலா மனமார வருந்தினாள்.

தோன்யா லியோகாதியா என்ற அந்தச் சீமாட்டி சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து ஏதோ செய்துகொண்டிருந்தாள். காலடியோசை கேட்டதும் துள்ளித் திரும்பி, இரு கைகளாலும் தட்டை மறைத்தாள்.

"எடுத்துக்கொண்டு போய்விடாதே! இன்னும் கொஞ்சம் இருக்கிறது."

தட்டில் இருந்தது பாதி தின்ற மக்காச்சோள அடை. விரலிடுக்கில் ஒட்டிய துணுக்குகளை அவள் நக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வத்துலா திகைத்தாள். "சீமாட்டியே, இத்தனை பெரிய வீட்டுக்கு உரியவள் ஓர் அடையை ஒளித்துத் தின்பானேன்?"

"யார் வீடு? என் வீடா?" லியோகாதியா சிரித்தாள், சிரிப்பில் பசி இருந்தது. "இது அரசருடைய கோட்டை, பெண்ணே. நான் படுக்கிற கட்டிலும் அரசருடையது. வந்த நாள்முதல் புழு மிதக்கும் கஞ்சிதான். இந்தத் தட்டும் விளக்கும் என் தாய் தந்தவை. அவையும் வருகிற ஞாயிறன்று திருமணம் முடிந்ததும் தோன் எஸ்தெபானுக்குச் சொந்தமாகிவிடும்."

திருமணம் என்ற சொல் ஈட்டியாகப் பாய்ந்தது. ஆயினும் அதற்கு அடுத்த சொல் அவளுக்கு விளங்கவில்லை. "உன் தாயின் தட்டு அவருக்கு எப்படிச் சொந்தமாகும்?"

"கணவன் அல்லவா? வேறு எப்படி இருக்கும்?" என்ற சீமாட்டி, பெருமூச்சு விட்டாள். "என்னை ஏன் அப்படி விழுங்குவதுபோல் பார்க்கிறாய்? பட்டைப் பார்த்தா? உண்மையில் நான்தான் உங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். அவருடைய பண்ணையில் வயிறார உண்டு வளர்கிறீர்கள். உன் கன்னத்தைப் பார்த்தாலே தெரிகிறது."

"யாருடைய பண்ணை?"

"தோன் எஸ்தெபானுடையதுதான். ஆற்றின் மேலே வயல்கள், பசுக்கள், நிரம்பிய களஞ்சியம், எல்லாம் தன்னுடையவை என்று சொல்லித்தான் என் தந்தையிடம் பெண் கேட்டார். மேற்பார்வைக்கு அங்கே ஒரு வேலைக்காரி இருக்கிறாளாம்." லியோகாதியாவின் குரல் தாழ்ந்தது. "அவள் பெயரைச் சொல்லும்போது அவர் முகம் மலர்கிறது. ஒரு முறை பார்த்தேன். அன்று முதல் எனக்கு உறக்கம் இல்லை. வத்துலா என்று ஒருத்தி உண்டா? அழகாயிருப்பாளா?"

அன்பர்களே, வேலைக்காரி என்ற சொல்லால் காற்றுக் குலத்துப் பெண்ணின் காதுமடல் வரை குருதி ஏறியது உண்மை. ஆனால் அவன் முகம் மலர்ந்தது என்று கேட்டபோது, அந்த எரிச்சலுக்கு நடுவிலும் அவளுக்கு ஒரு கணம் இனித்தது என்பதை மறைப்பானேன்? பெண்மனம் என்று யாரும் கேலி செய்ய வேண்டாம். ஆண்மனத்துக்கும் அதே நோய்தான்.

"நன்றாகவே இருப்பாள்" என்று சொல்லி, அவள் முக்காட்டை நீக்கினாள். "நானே வத்துலா. அந்த வயல் என்னுடையது. எனக்கு முன் என் தாயுடையது. நீ தின்னும் அடை என் களஞ்சியத்துச் சோளம். உன் தோன் எஸ்தெபான் இரண்டு அறுவடைக் காலமாக என் கணவர்."

லியோகாதியாவின் முகம் வெளிறியது. அவள் கண்கள் எதிரில் நின்றவளை உச்சி முதல் உள்ளங்கால் வரை அளந்தன. ஒருத்தியை ஒருத்தி அப்படி அளந்து நின்ற நேரத்தில், வாசலில் வாளுறை இடறும் ஓசை கேட்டது. தளபதியே வந்து நின்றான்.

"பண்ணை உம்முடையதில்லையா?" என்று சீமாட்டி கேட்டாள்.

எஸ்தெபான் ஒரு கணம்தான் தடுமாறினான். "என்னுடையதுதான். இவள் என்னைத் தன் குலத்து முறைப்படி மணந்தாள். மனைவியின் நிலம் கணவனுடையது. இதில் என்ன பொய்?"

அவன் அதை நம்பியே சொன்னான். அதுதான் வத்துலாவை அதிகம் சுட்டது. ஏமாற்றுகிறோம் என்ற எண்ணங்கூட இல்லாமல் அவளுடைய தாயின் மண்ணை மனத்துக்குள் எடுத்து வைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

"என் வீட்டில் உண்டீர்; உறங்கினீர். ஒரு நாளாவது மண்வெட்டியைத் தொட்டீரா? வயல் எப்படி உம்முடையதாயிற்று?"

"வத்துலா, என் வீரர்கள் பட்டினி கிடக்கிறார்கள். கோபத்தில் நீ விளைச்சலை ஆங்கிலேயருக்குக் கொடுத்துவிடுவாய். களஞ்சியம் வந்து சேரும்வரை நீ இந்தக் கோட்டையில் இருக்கத்தான் வேண்டும்." அவன் சாளரத்தை எட்டி முற்றத்தை நோக்கிக் கூவினான்: "செபெரீனோ! வாயிலை அடை! ஓடக்காரிகள் ஒருத்தியும் வெளியேறக் கூடாது!"

அவன் திரும்புவதற்குள் வத்துலா படிகளில் பாதி இறங்கிவிட்டாள். முற்றத்தில் வீரர்கள் விழித்துக்கொண்டு நின்றார்கள். வாயிற்கட்டையின் மேல் சார்ஜெண்டின் கை இருந்தது. ஓடிப் போய் மோதிப் பயனில்லை என்று கண்டவள் முற்றத்தின் நடுவில் நின்றாள். அவர்களுடைய மொழியிலேயே, ஒவ்வொருவருக்கும் கேட்கும்படி உரத்துச் சொன்னாள்:

"காற்றின் மேல் ஆணை! என் தாயின் மேல் ஆணை! இன்று முதல் இந்தக் கோட்டைக்குள் என் குலத்துச் சோளம் ஒரு மணிகூட நுழையாது. என்னை அடைத்து வைத்தாலும் நுழையாது, கொன்றாலும் நுழையாது!"

செபெரீனோ கட்டையிலிருந்து கையை எடுக்கவுமில்லை, அதை இழுக்கவுமில்லை. "அம்மணி," என்றான் தயங்கி, "கோட்டைக்குள் நுழையாது என்றீர்கள். வெளியே?"

வத்துலா அவனைப் பார்த்தாள். அவனுடைய வெறும் பாதங்களும் ஒட்டிய வயிறும் அப்போதுதான் அவள் கண்ணில் பட்டன.

"என் வாசலுக்கு வருகிறவனை நான் பட்டினியாக அனுப்புவதில்லை. துப்பாக்கியைப் போட்டுவிட்டு வரட்டும். மண்வெட்டி தருகிறேன்."

செபெரீனோ கதவை அகலத் திறந்தான். திறந்தவன் மூடுவதற்கு நிற்கவில்லை. முதலாவதாக அவனே வெளியேறினான். அவன் பின்னால் ஒருவன், பிறகு இருவர், பிறகு வரிசை என்று சொல்ல முடியாத ஒரு கூட்டம். கல்தரையில் துப்பாக்கிகள் விழுகிற ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஹாசி ஓடத்தைத் தள்ளும் நேரத்தில் பட்டுச் சரசரப்பு கேட்டது. பாவாடையை முழங்கால்வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு லியோகாதியா சேற்றில் ஓடிவந்தாள். வெள்ளித் தட்டு அவள் மார்போடு இருந்தது. "தாங்கள் அனுமதித்தால் நானும் வருகிறேன்" என்றாள் மூச்சு வாங்க.

நிலவொளியில் அவள் இன்னும் அழகாகத்தான் இருந்தாள். வத்துலாவின் மனம் அதற்கு அவளை மன்னிக்கத் தயாராக இல்லை. "ஏறு," என்றாள் கடுகடுப்பாக. "தட்டு உன்னுடையது, யாரும் தொட மாட்டார்கள். ஆனால் என் வீட்டில் இந்தப் பட்டை உடுத்தாதே!"

ஓடம் நடு ஆற்றை அடைந்தபோது, எரிந்துகொண்டிருந்த ஒற்றை விளக்கின் கீழ் மதில் மேல் ஓர் உருவம் தோன்றியது. தன் வீரர்களும் தன் மணமகளும் தன் மனைவியின் பின்னால் போவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் குரல் தண்ணீரின் மேல் உடைந்து வந்தது.

"வத்துலா! அவர்களுக்கெல்லாம் சோறு போடுவாய், எனக்கு இல்லையா? அது என் வீடும் அல்லவா?"

வத்துலா துடுப்பை நிறுத்தினாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"எஸ்தெபான்! விடியும்போது உன் சேணமும் போர்வையும் என் வாசலுக்கு வெளியே கிடக்கும். மழை வருவதற்குள் எடுத்துக்கொள்."