நூறு மீட்டர் மரியாதை

படகு துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரைத் தாண்டும் முன்பே அந்த மூச்சு கேட்டது. கேட்டிருக்கக் கூடாது. திமிங்கலம் கண்ணில் பட வேண்டுமென்றால் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம் போக வேண்டும், அதுவும் யோகம் இருந்தால். இந்த வாக்கியத்தை இரண்டு வருடமாக, ஒரு நாளைக்கு இரண்டு தடவை, திமிங்கலம் பார்க்க வரும் பயணிகளிடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லி வரும் வழிகாட்டி அவள். லாரி டயரிலிருந்து காற்று இறங்குவது போல நீளமாக, ஈரமாக, வலது பக்கத்திலிருந்து ஒரு மூச்சு. அதன் பின்னாலேயே அழுகிய முட்டைக்கோஸ் வாடை.

தூரம் அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்தாள். கரிய முதுகு ஒன்று படகுக்கு இணையாக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது. நூறு மீட்டர். பதிவேட்டைத் திறந்து எழுதினாள்: ‘10.12. வலது. ஒன்று. நூறு.’ எழுதிய பிறகு சந்தேகம் வந்து, நூறுக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். கருவியைவிடத் தன்மேல்தான் அவளுக்கு எப்போதும் சந்தேகம். இன்னொரு முறை அளந்தாள். நூறு.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பதினோரு பேரும் ஒரே பக்கம் ஓடிப் படகைச் சாய்த்துவிடுவார்கள். பயணிகளைப் பற்றி அவளுக்கும் நல்ல அபிப்பிராயம் இருந்த காலம் ஒன்று உண்டு, வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். கடலுக்கு வந்தும் செல்போனில் குனிந்திருப்பவர்கள், திமிங்கலம் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பவர்கள், வாந்தி எடுத்துக்கொண்டே வீடியோ எடுப்பவர்கள் என்று வரிசையாகப் பார்த்ததில் அது கரைந்துவிட்டது. இன்றைய கூட்டத்தில் முழங்கை நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய ஒருவர் இருந்தார். அவருக்கு மனதுக்குள் ‘பீரங்கி’ என்று பெயர் வைத்தாள். மற்றவர்களுக்குப் பெயர் வைக்கும் அளவுக்குக்கூட ஆர்வமில்லை.

முதல் பெஞ்சில், வெள்ளைத் தொப்பியும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுமாக, ஏதோ விசாரணைக்கு வந்தவர் போல விறைப்பாக உட்கார்ந்திருந்தார் அப்பா. பத்திரப்பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா தன் கிடங்கு அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்திருந்தார். நாளைக் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். “அவ பாக்கற வேலைய ஒரு தடவ கண்ணால பாத்துட்டுச் சொல்றேன்” என்று அப்பா தவணை வாங்கியிருந்தார். இன்று அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு கரை இறங்கினால், அவளுக்கும் கடலுக்கும் அத்தோடு சரி.

“மூணு வருஷம் காலேஜ்ல படிச்சது, ‘அதோ பாருங்க’ன்னு கை நீட்டறதுக்குத்தானா?” என்றார்.

“எங்க பாக்கணும்னு தெரிஞ்சாத்தானேப்பா கை நீட்ட முடியும்.”

“இதுல தெரிய என்ன இருக்கு? கடலப் பாத்து நீட்ட வேண்டியதுதான்.”

பீரங்கி சிரித்தார். அவள் மைக்கை எடுத்து விதிகளைச் சொல்ல ஆரம்பித்தாள். நூறு மீட்டருக்குள் நெருங்க மாட்டோம். முன்னாலிருந்தும் போக மாட்டோம், பின்னாலிருந்து துரத்தவும் மாட்டோம், பக்கவாட்டில் மட்டும். இன்ஜினை நிறுத்திவிடுவோம். இருபது நிமிடத்துக்கு மேல் பார்க்க மாட்டோம். தொட மாட்டோம். “இன்னொண்ணு, திமிங்கலத்த மீன்னு சொல்லாதீங்க. காதுல விழுந்தா கோவிச்சுக்கும். அதோட கோவத்த நம்ம படகு தாங்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். எப்போதும் இந்த இடத்தில்தான் சிரிப்பார்கள். சிரிப்பு ஓயும் வரை அவள் கண்ணைப் பாதி மூடிக் காத்திருப்பாள், குழாயில் குடம் நிறையக் காத்திருப்பவளைப் போல.

வலது பக்கத்தில் அந்த மூச்சு. நூறு.

பத்தே முக்காலுக்குப் படகோட்டியிடம் போனாள். “அண்ணே, கொஞ்சம் இடது பக்கமாத் திருப்புங்க.”

“அங்க என்ன இருக்கு டீச்சர்?” வகுப்பெடுப்பது போலப் பேசுகிறாள் என்று அவர் வைத்த பெயர் அது.

“ஒண்ணுமில்ல. சும்மா.”

படகு திரும்பியது. முதுகும் திரும்பியது. வேகத்தைக் குறைத்தார்கள். அதுவும் குறைத்தது. அவள் அளந்தாள்; கருவியின் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி அளந்தாள். தொண்ணூற்று ஒன்பது என்றாவது காட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

“இருபது வருஷமா ஓட்டறேன்,” என்றார் படகோட்டி. “இவ்ளோ ஒழுங்கா வந்து பாத்ததில்ல.”

அப்போதுதான் பனி இறங்கியது. வெயிலின் சூடு தோளிலிருந்து உரிந்து போனது. தண்ணீர் ஈயத்தகடு போலத் தட்டையாகி, படகின் ஓசையைத் திருப்பித் தராமல் விழுங்கிக்கொண்டது. இடது பக்கம் ஒரு மூச்சு. பின்னால் ஒன்று. பிறகு முன்னால், குறுக்காக, ஒரு நீண்ட முதுகு மெல்ல எழுந்து அப்படியே நின்றது. விதிப்படி இன்ஜினை நிறுத்தச் சொன்னாள். பதிவேட்டில் 10.52 என்று குறித்தாள்.

பயணிகளின் சந்தோஷத்துக்குக் கேட்கவா வேண்டும். தலைக்கு ஒரு திசையாகக் கைநீட்டினார்கள். “கொடுத்த காசுக்கு மேலயே காட்டறீங்க மேடம்,” என்றார் பீரங்கி. அப்பா எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதே அவளுக்குப் பெரிய விஷயம். அந்தப் பெருமை நெஞ்சில் ஏறிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றாக அளந்தாள். மொத்தம் ஒன்பது. ஒன்பதும் நூறு மீட்டரில். ஒன்பதும் பக்கவாட்டில்.

விலங்கு இப்படி நிற்காது. அதற்குப் பசி இருக்கும், தூக்கம் இருக்கும், வேறு சோலி இருக்கும். கடலில் இப்படி அளந்து, பக்கம் காட்டி, அசையாமல் நிற்பது உரிமம் வாங்கிய படகு மட்டும்தான்.

நினைப்பை உதறிவிட்டு, தண்ணீருக்கடியில் இறக்கும் மைக்கை எடுத்துக் கயிற்றை விட்டாள். நிகழ்ச்சியில் அடுத்தது அதுதான். தளத்து ஒலிபெருக்கி கரகரத்தது. பாட்டுக் கேட்கும் என்று எல்லோரும் காதைத் தீட்டினார்கள்.

பாட்டு இல்லை. ஒரே குரல். அடித்தொண்டையிலிருந்து, ஏற்ற இறக்கம் இல்லாமல், நிறுத்தி நிறுத்தி எதையோ சொல்லிக்கொண்டே போனது. பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில், நாலாபக்கமும் இருந்து, சின்னதும் பெரியதுமாகப் பல குரல்கள் ஒரே நேரத்தில் கலகலத்து அடங்கின. மறுபடி அந்த ஒற்றைக் குரல். அதே நீளம், அதே நிறுத்தங்கள். அதே இடத்தில் அதே கலகலப்பு.

“யாரோ பாடம் ஒப்பிக்கற மாதிரி இருக்கே,” என்றார் அப்பா. “அசப்புல உன்ன மாதிரியே.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் கயிற்றை மேலே இழுத்தாள்.

வலது பக்கத்து முதுகு உருண்டது. மெதுவாக, ஒரு பக்கமாகச் சாய்ந்து, தண்ணீருக்கு மேல் ஒரு கண்ணைக் கொண்டுவந்தது. கருவியின் வட்டத்துக்குள் அது முழுதாகத் தெரிந்தது: சுருக்கம் விழுந்த தோல், அதன் நடுவே ஈரமான பழுப்பு உருண்டை. திமிங்கலத்தின் கண்ணில் அன்பு தெரியும், ஞானம் தெரியும் என்று வாடிக்கையாளர்களிடம் அவள் அளந்துவிடுவது உண்டு. இதில் அதெல்லாம் இல்லை. இமை பாதி மூடியிருந்தது. அது பீரங்கியைப் பார்த்தது, படகோட்டியைப் பார்த்தது, அப்பாவைப் பார்த்தது. எவர்மேலும் ஒரு நொடிக்கு மேல் நிற்கவில்லை. கூச்சல் போடும், கைநீட்டும், எந்த நாளும் ஒரே மாதிரி இருக்கும் அற்பக் கூட்டம் ஒன்றைப் பார்த்து அலுத்துப்போன கண். எப்போது முடியும் என்று காத்திருக்கும் கண்.

அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். தினமும் அதை முகத்தில் மாட்டிக்கொண்டுதான் அவள் வேலை பார்த்தாள்.

“அண்ணே,” என்றாள். “கரைக்கு விடுங்க.”

“விதி இருக்கே டீச்சர். இவ்ளோ கிட்ட இருக்கறப்ப இன்ஜின் போடக் கூடாதுன்னு நீங்கதானே...”

“போடுங்கண்ணே.”

இன்ஜின் இருமிக்கொண்டு உயிர்த்தது. படகு நகர்ந்தது. வட்டமும் நகர்ந்தது. பத்து நிமிடம் கரையை நோக்கி ஓட்டினார். ஒன்பது முதுகும் அதே இடைவெளியில், அதே வரிசையில், எந்தச் சிரமமும் இல்லாமல் கூடவே வந்தன. முன்னால் இருந்தது குறுக்காக நின்றபடியே பக்கவாட்டில் நீந்தியது. படகோட்டி அதைப் பார்த்தார். கையை நெம்புகோலிலிருந்து எடுத்துவிட்டார். இன்ஜின் நின்றது. அவர் அதை மறுபடி போடவில்லை, அவளும் சொல்லவில்லை.

இப்போது யாரும் கைநீட்டவில்லை. பீரங்கி லென்ஸை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தார், அது அழப்போகும் குழந்தை என்பதுபோல.

“ஏம்மா,” என்றார் அப்பா. குரல் தணிந்திருந்தது. “இதுங்க நம்மள ஒண்ணும் பண்ணாதில்ல?”

“பண்ணாதுப்பா. நூறு மீட்டருக்குள்ள வராது.”

“யாரு சொன்னா?”

வலது பக்கம் காட்டினாள். “அது இருக்கற வரைக்கும் வராது.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே புரிந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். 11.11. பதிவேட்டைப் பார்த்தாள். 10.52. கூட்டினாள், கழித்தாள், தன் கணக்கு தப்பாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு இன்னொரு முறை கழித்தாள். இருபது நிமிடத்துக்கு இன்னும் ஒன்றுதான் பாக்கி.

11.12க்கு அந்தக் கண் மூடியது. முதுகு வளைந்தது. வால் எழுந்தது, சொட்டியது, ஓசையில்லாமல் உள்ளே போனது. வேலை முடிந்து, விளக்கை அணைத்துவிட்டுப் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுவும் பார்க்கவில்லை.

எட்டு முதுகுகள் மிச்சம் இருந்தன. அவை போகவில்லை.

பனி விலகியது.

எட்டு இல்லை. எட்டுக்குப் பின்னால் தலைகள். தண்ணீரிலிருந்து செங்குத்தாக எழுந்து நின்ற தலைகள். வரிசைக்குப் பின்னால் வரிசை. அடிவானம் வரை. பின்னால் இருந்தவை எட்டிப் பார்க்க எம்பின. முன் வரிசையில் குட்டிகளை மூக்கால் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

தூக்கிப் பிடித்திருந்தன, என்று திருத்திக்கொண்டாள். மனம் கேட்கவில்லை.

முட்டைக்கோஸ் வாடை. சூடாக. எல்லாப் பக்கமும்.

கருவியைத் தூக்கினாள். தொண்ணூறு. எண்பத்து நான்கு. அறுபது. யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய ஆள் போய்விட்டது.

“படகுக்குள்ள குனிஞ்சு உக்காருங்க,” என்றாள். மைக்கை எடுத்து மறுபடி சொன்னாள். எல்லோரும் குனிந்தார்கள். அப்பா மட்டும் குனியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். உதடு பிதுங்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, மகளிடம் பதில் இருக்கும் என்று நம்புகிற முகம்.

“உனக்குத்தானே இதெல்லாம் தெரியும். நீ சொல்லும்மா. இப்ப நான் என்ன பண்ணணும்?”

முப்பது.

“அசையாம இருங்கப்பா,” என்றாள். அதைத் தவிர அவளுக்கு எதுவும் தெரியாது.

பத்து. கருவி அதற்குக் கீழே காட்டாது.

படகின் பக்கம் இருண்டது. குட்டிதான். படகு அளவு குட்டி. கம்பிக்கு மேலே தலையைக் கொண்டுவந்தது. கண் அகலத் திறந்திருந்தது. அதில் அலுப்பு இல்லை. ஆசை இருந்தது. தண்ணீர் அதன் தாடையிலிருந்து அப்பாவின் தொப்பிமேல் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அவர் அசையவில்லை. மகள் சொல்லியிருந்தாள்.

அது உதட்டின் நுனியால் அவருடைய லைஃப் ஜாக்கெட்டின் தோள்பட்டியைக் கவ்வியது. மிக மென்மையாக. பூனைக்குட்டியைத் தூக்குவது போல.

சுற்றிலும், சின்னதும் பெரியதுமாக, அந்தக் கலகலப்பு.

அப்பாவின் செருப்புகள் தளத்தில், ஜோடியாக, நேராக இருந்தன. அவர் பாதங்கள் அவற்றுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், மகள் சொன்னபடியே, அசையாமல் இருந்தன.