தெளியக் கூடாத தண்ணீர்

காலையில் எழுந்ததும் செண்பகவல்லி சுவரிலிருந்த மூச்சளவியைப் பார்த்தாள். மூன்று பேருக்குக் காற்று என்று காட்டியது. அவள், கணவர் மாசிலாமணி, மகள் குழலி. கணக்குச் சரி. பழைய நெய்வேலிச் சுரங்கத்துக்குள் குடியேறிய எல்லா வீடுகளிலும் விடியல் இப்படித்தான். மேலே வெயில் மனிதரை நிற்க விடுவதில்லை. கீழே அவரவர் பாசித்தொட்டி விடும் காற்றுதான் அவரவருக்கு. தொட்டி தளர்ந்தால் குடும்பத்தைப் பிரித்து, இடமிருக்கிற வேறு தொட்டிக்கு ஆளை அனுப்பிவிடுவார்கள்.

இன்று அவளுக்கு வேறு கவலை. மாலையில் குழலியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிறவர்களின் கண் முதலில் போவது தொட்டிக்குத்தான். இவர்களுடையதோ கடுங்காப்பி நிறம். சுவரிலிருக்கும் பழுப்பு நிலக்கரி ஊறி ஊறி இறங்கிய சாயம். நாலு பேர் வந்து போகிற இடத்தில் இதென்ன அசிங்கம் என்று நேற்றே கரி வடிகட்டி ஒன்றை வாங்கி மாட்டிவிட்டாள். இப்போது தண்ணீர் பளிங்காக இருந்தது. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

"பையனைப் புடிச்சாதான் சரின்னு சொல்லுவேன். சும்மா தலையாட்ட மாட்டேன்," என்று சொல்லிவிட்டுக் குழலி நீர்ச்சோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போனாள்.

மத்தியானம் கேசரி கிளறிக்கொண்டே செண்பகவல்லி நிமிர்ந்தாள். மூச்சளவி இரண்டரை என்றது. தொட்டியின் ஓரங்களில் பாசி வெளுத்திருந்தது. மகளைக் கூப்பிட்டாள். குழலி ஓடிவந்து தண்ணீரைச் சோதித்துவிட்டு, "தண்ணியில இருக்கிற செம்புதாம்மா பாசியைக் கொல்லுது," என்றாள்.

"குழாய்லேர்ந்து வர்ற செம்பாடி? அளந்தேனே! நேத்து இருந்த அளவுதானே இருக்கு," என்றாள் செண்பகவல்லி.

"அளவு அதேதாம்மா, குணம் வேற." குழலி தலையில் கைவைத்துக்கொண்டாள். "அந்தச் சாயம் செம்பைக் கட்டிப் புடிச்சு வச்சிருந்துச்சு. பிணைச்செம்பு பாசிக்குள்ள நுழையாது. நீ சாயத்தை எடுத்துட்டே. இப்ப எல்லாம் தனிச்செம்பு. நேரா உள்ள போய்க் கொல்லுது."

"பாக்க அழகா இருக்கட்டும்னுதானேடி..." செண்பகவல்லிக்கு அழுகை முட்டியது.

மாசிலாமணி ஒரு வார்த்தை திட்டவில்லை. வடிகட்டியைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சுவரைச் சுரண்டினார். நிலக்கரித் தூளைச் சலவைச் சோடாவோடு கொதிக்கவைத்து, இறங்கிய கறுப்புச் சாற்றை வடித்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் ஊற்றினார்கள். தண்ணீர் மறுபடி பழுப்பானது. பாசி வெளுப்பது நின்றது. ஆனால் செத்த பாசி செத்ததுதான். மூச்சளவி இரண்டு பேருக்கு என்று இறங்கி, அதற்குமேல் ஏறவில்லை.

மூவரும் அந்த இரண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. வெளியே வாசல் மணி அடித்தது.

மாப்பிள்ளையின் அம்மா திலகம் உள்ளே நுழைந்ததும் தொட்டியிடம்தான் போனார். "எங்க வீட்டுத் தொட்டியும் இதே நிறந்தாங்க. தெளிஞ்சு கிடந்தாத்தான் எங்களுக்குப் பயம்," என்று சிரித்தார். செண்பகவல்லிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

கேசரித் தட்டுகள் காலியாயின. மாப்பிள்ளை நன்மாறன் கூச்சத்தோடு குழலியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னம்மா, எங்க பையனைப் புடிச்சிருக்கா?" என்றார் திலகம்.

குழலி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"உங்க தொட்டியில ஒரு ஆளுக்கு இடம் இருக்கா அத்தை?" என்று கேட்டாள்.