ஆழத்தானின் காலணி

வட்டத்தில் ஐந்தாவது துண்டும் கறுத்திருந்தது. ரிஸ்தோ தீட்டியது நான்கு.

சாப்பாட்டு மேசைமேல், மற்ற இருவர் கண்ணில் படாமலிருக்க அவன் நிறுத்தி வைத்திருந்த அட்டைத் தடுப்புக்குப் பின்னால், அந்தத் தாள் கிடந்தது. ஆறு துண்டாகப் பிரித்த வட்டம். வில்லனை உருவாக்கும்போதெல்லாம் அவன் போடும் வட்டம்தான். வில்லன் குகையில் உட்கார்ந்து காத்திருக்கக் கூடாது, வீரர்கள் வராத வாரத்திலும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. வீரர்கள் தடுத்த வாரம் வட்டம் அப்படியே நிற்கும். தடுக்காத வாரம் ஒரு துண்டு கறுக்கும். ஆறும் கறுத்தால் வில்லன் நினைத்தது நடந்துவிடும்.

தொட்டுப் பார்த்தான். ஈரம். விரலை முகர்ந்தான். மை வாசனை இல்லை. கோரை அழுகிய ஏரித் தண்ணீரின் வாசனை. வெளியே ஏரி இரண்டு மாதமாக உறைந்து கிடக்கிறது.

"என்னடா, விரல மோந்து பாத்துக்கிட்டு? ஆரம்பி," என்றான் சம்ப்போ.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணி. வடக்கத்திய குளிர்தேசத்து ஊரான குவோப்பியோவில் அதற்குள் முழு இருட்டு. ஜன்னலுக்குக் கீழே, குளிர்நீச்சல்காரர்கள் ஏரிப் பனியில் வெட்டி வைத்த சதுரத் துளைக்கு மேல் ஒற்றை விளக்கு எரிந்தது. துளை மூடிக்கொள்ளாமல் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும் மோட்டாரின் முனகல் ஜன்னலின் இரட்டைக் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் கேட்டது. காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நடைக்கு அப்பால் தன் அறையில் எட்டு வயது மகள் ஹில்லா படம் வரைந்தபடி ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். ரிஸ்தோ அந்த முணுமுணுப்பை ஒரு காதால் பிடித்து வைத்திருந்தான்.

பதினோரு வருடமாக நடக்கும் விளையாட்டு. ரிஸ்தோ கதை சொல்வான். பஸ் ஓட்டும் சம்ப்போவும் நர்ஸ் மிர்க்காவும் கதைக்குள் வீரர்கள். என்ன செய்வது என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பதினோரு வருடமும் அவன் வில்லன்களைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள்.

"ஒலகத்த அழிச்சிட்டு அவன் எங்கடா போய் குடியிருப்பான்?" என்று மிர்க்கா கேட்பாள்.

போன இலையுதிர் காலத்தில் மனைவி கைசா விலகிப் போனாள். ஹில்லா வாரம் விட்டு வாரம் அவனிடம் என்று ஏற்பாடு. மகள் இல்லாத முதல் வாரத்தில் அவன் ஆழத்தானை எழுதினான். ஏரிக்கு அடியில் ஒரு கோமான். அவன் மகள் ஒரு குளிர்காலம் விட்டு ஒரு குளிர்காலம்தான் அவனிடம் வருவாள். மற்ற குளிர்காலங்களுக்கு அவனுக்கு இன்னொரு பெண் வேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை. சமரச அலுவலகத்தில் ரிஸ்தோ கத்திய வாக்கியத்தையே அவன் வாயில் வைத்தான்: பாதி மகள் என்று ஒன்று உண்டா?

கடைசியாக, எந்த வில்லனுக்கும் வீட்டிலிருந்து எடுத்த ஒரு பழக்கம் வேண்டும். ஆழத்தான் எந்த வாசலிலும் காலணியைக் கழற்றி ஜோடியாக வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான்.

"நரகத்துலேர்ந்து வந்தாலும் நம்மூர்க்காரன்தான்," என்று சம்ப்போ விழுந்து விழுந்து சிரித்தான். ஆனால் ஆழத்தான் பேசத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது. மிர்க்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு வாரம் அவனுக்கு எதிராக யாரும் வாளை எடுக்கவில்லை.

நாலாவது வாரம் ஒரு காலை, நடையில் பெரிய தோல் காலணி ஒரு ஜோடி. பழையது. தண்ணீர் சொட்டியது. நேராக, ஒழுங்காக, ஹில்லாவின் சிவப்பு பூட்ஸுக்குப் பக்கத்தில். விளக்கைப் போட்டான். ஈரம் மட்டும் இருந்தது.

கஞ்சி குடித்தபடி ஹில்லா சொன்னாள்: "அந்த மாமா கால் ஜில்லுனு இருக்குப்பா. அவருக்கும் ஒரு பொண்ணு இருக்காளாம். பாதிதானாம்."

அவள் தலைமுடி நனைந்திருந்தது.

தாளைக் கிழித்தான். மறுநாள் தடுப்புக்குப் பின்னால் முழுசாக இருந்தது. மகள் கைசா வீட்டிலிருந்த வாரம் கைசாவே கூப்பிட்டாள். "தெனமும் மெத்தை நனையுது. அங்க அவள என்னதான் பண்ற நீ?" பயத்தில் போன ஞாயிறு ஆட்டத்தையே ரத்து செய்தான். அதுதான் தப்பு. தடுக்க ஆளில்லாத வாரம். ஐந்து.

ஒரே வழி மிச்சம். இந்த இருவரும் அவனைத் தடுக்க வேண்டும். இன்றைக்கே.

"ஆலைக்காரர் வீடு," என்று ஆரம்பித்தான். "அவரோட பொண்ணுக்கு நீங்க ரெண்டு பேரும் காவல். பனிமேல யாரோ நடந்து வர்ற சத்தம். வாசல்ல நிக்கிறான். காலணியக் கழட்டுறான்."

நடையில் ஈரத் தோல் குதிகாலிலிருந்து உரியும் சத்தம். பிறகு இன்னொன்று.

மிர்க்கா பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

"குடுத்துடலாம்," என்றான் சம்ப்போ.

"என்னது?"

"பொண்ண. குடுத்துடலாம். பாவம்டா அவன். அந்த ஆலைக்காரன் பொண்ண அடிச்சு வேலை வாங்குறவன். இவன் ஒரு ராணி மாதிரி வச்சுக்குவான்."

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றாள் மிர்க்கா. "அவன் என்ன தப்பா கேக்குறான்?"

"குடுக்காதீங்க!"

இருவரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கதை நடத்துபவன் வீரர்களுக்கு வழி சொல்லக் கூடாது. பதினோரு வருடத்தில் அவன் சொன்னதில்லை.

"நாலு வாரமா அவன் பக்கம் பேசினதே நீதானே?" என்றாள் மிர்க்கா. "என்னை அழ வச்சதும் நீதான்."

"அவன் பொய் சொல்றான் மிர்க்கா. அவன் கிட்ட அந்தப் பொண்ணு மூச்சே விட முடியாது. தண்ணிக்கு அடியில எப்படி மூச்சு விடுவா? யோசி. தயவுசெஞ்சு யோசி."

மிர்க்கா அவனையே பார்த்தாள். நர்ஸ் பார்க்கும் பார்வை. கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சரிடா. சரி. நான் கோடாரிய எடுக்குறேன்."

"போச்சு போ," என்றான் சம்ப்போ. "நல்ல மனுஷன வெட்டப் போறா."

அவள் உருட்டினாள். பதினேழு. பலமான வெட்டு. ஆழத்தான் தப்ப வேண்டுமானால் பதினேழுக்கு மேல் விழ வேண்டும். அவனுக்காக உருட்ட வேண்டியவன் ரிஸ்தோ.

பகடை உள்ளங்கையில் பனிக்கட்டி போல இருந்தது. தடுப்புக்குப் பின்னால் விட்டான். உருண்டது. தாளின் விளிம்பில் முட்டி நின்றது.

இருபது.

முணுமுணுப்பு நின்றிருந்தது. எப்போது நின்றது?

அந்தத் தடுப்புக்குப் பின்னால் அவன் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறான். சாக வேண்டிய சம்ப்போவை நாலு முறை காப்பாற்றியிருக்கிறான். யாரும் எட்டிப் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்பதும் விதி.

"ரெண்டு," என்றான் ரிஸ்தோ. "ரெண்டுதான். செத்துட்டான்."

மிர்க்கா கைகளை உயர்த்திக் கத்தினாள். சம்ப்போ மேசையைத் தட்டினான். பகடை இருபதைக் காட்டிக்கொண்டே இருந்தது. அதன் அடியில் ஆறாவது துண்டு மெல்ல நனையத் தொடங்கியது. நடுவிலிருந்து. விளிம்பு நோக்கி.

கணுக்காலில் குளிர் ஏறியது.

"வாசக் கதவ யாருடா தொறந்து வச்சது?" என்றான் சம்ப்போ.

நாற்காலி சாய்ந்து விழுந்தது. ரிஸ்தோ ஓடினான். நடை. சம்ப்போவின் காலணி. மிர்க்காவின் காலணி. சிவப்பு பூட்ஸ் இருந்த இடத்தில் ஒரு சிறு குளம். அவள் அறை. கட்டில். நனைந்த தாளில் பாதி வரைந்த ஏரி. உருண்டு கிடந்த நீலப் பென்சில்.

"ஹில்லா!"

மோட்டாரின் முனகல் மட்டும்.

"டேய் ரிஸ்தோ," மேசையிலிருந்து மிர்க்கா சிரித்தபடி கூப்பிட்டாள். "நெசமாவே செத்துட்டான்ல? திரும்ப வர மாட்டானே?"

ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை அழுத்தினான்.

கீழே, விளக்கடியில், யாரும் இல்லை. சதுரத்துக்குள் கறுப்புத் தண்ணீர் சுழன்றது. அதன் விளிம்பில், வீட்டு வாசலில் விடுவது போல ஒழுங்காக, இரண்டு ஜோடி. பெரியது ஒன்று. அதை ஒட்டி, நுனி தண்ணீரைப் பார்க்க, சிவப்பாக ஒன்று.