பொய் சொல்லும் ஸ்கேல்

பின்கட்டுக் கொட்டகையில் மூன்று நாளாக உளிச் சத்தம் இல்லை. வாஷருக்கு அது பிடிக்கவில்லை.

அந்தப் பட்டப்பெயரை வைத்தவர் மாமா. நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே வாஷர் கிடப்பதுபோல, அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில்தான் அவள் எப்போதும் உட்காருவாள். வயது பத்து.

அம்மா வெல்டர். அம்மாவின் தம்பியான மாமா தச்சர். சொந்தக் கையால் ஒரு லேத், அதாவது கடைசல் இயந்திரம், செய்துவிட வேண்டும் என்று இருவருக்கும் ஒரே பைத்தியம். அம்மா இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்தாள். அதன்மேல் உட்கார வேண்டிய பெட்டியை மாமா முதலில் மரத்தில் செய்தார். அந்த மர மாதிரியை ஈர மணலில் பதித்து எடுத்தால் அதே வடிவத்தில் ஒரு பள்ளம் கிடைக்கும். பழைய பிஸ்டன்களை உருக்கி அம்மா அந்தப் பள்ளத்தில் ஊற்றினாள்.

ஆறியதும் பெட்டியைச் சட்டத்தின்மேல் வைத்தார்கள். இரண்டு போல்ட் துளைக்குள் நுழைந்தன. மற்ற இரண்டும் நுழையவில்லை. துளைகளுக்கு இடையே மூன்று மில்லிமீட்டர் குறைவு. துளையை அகலமாக்கினால் பெட்டி ஆடும்.

அம்மா மரத்தில்தான் தப்பு என்றாள். மாமா ஊற்றியதில்தான் தப்பு என்றார். எதையும் அச்சு அசலாகச் செய்கிறவரிடம் அளவு தப்பு என்று சொன்னால் சும்மா இருப்பாரா? உளிகளைப் பையில் போட்டார்.

"இனிமே மரத்தையும் உங்கம்மாவே செதுக்கிக்கட்டும்," என்று வாஷரிடம் சொன்னார். அம்மா பக்கத்தில்தான் நின்றாள்.

அதன்பிறகு அவர் வரவே இல்லை. சட்டத்தின்மேல் அம்மா ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டாள்.

நான்காம் நாள் பள்ளி விட்டு வந்ததும் வாஷர் ஸ்கேலோடு கொட்டகைக்குப் போனாள். மர மாதிரியில் துளைக்குத் துளை முந்நூறு மில்லிமீட்டர். மாமாவின் அளவு சரி. வார்த்த பெட்டியில் இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அகலத்தையும் அளந்தாள். இருநூறு, நூற்றுத் தொண்ணூற்றெட்டு ஆகியிருந்தது.

தப்பாக ஊற்றியிருந்தால் ஏதோ ஓரிடத்தில் குறையும். எல்லா இடத்திலும் நூற்றுக்கு ஒன்று என்று கணக்காகவா குறையும்? வெகுநேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் அம்மா ஒரு கேட்டுக்கு இரும்புப் பட்டை பற்றவைத்துக்கொண்டிருந்தாள். நேராக இருந்த பட்டை சற்றே வளைந்துவிட்டது. ஏன் என்று வாஷர் கேட்டாள்.

"ஆறும்போது சுருங்கி இழுத்துக்கும்டி. எப்பவும் அப்படித்தான்," என்று அம்மா சுத்தியலை ஓங்கினாள்.

"அப்போ நம்ம பெட்டியும் ஆறும்போது சுருங்கியிருக்குமாம்மா?"

சுத்தியல் அந்தரத்தில் நின்றது. அம்மா அதை மெல்லக் கீழே வைத்தாள்.

"பதினஞ்சு வருஷமா பத்தவைக்கிறேன். எனக்கு இது தோணலையே," என்றாள்.

மாமாவிடம் போய்ச் சொல்லலாமா என்று கேட்டதற்கு, நான் போனால் அவன் 'பாத்தியா' என்பான் என்று அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

வாஷர் தன் முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலோடு ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். அந்த ஸ்கேலையே வைத்து, பெரிய தாளில், நூற்றுக்கு நூற்றொன்றாகப் பெரிதாக்கி நகல் எடுக்கச் சொன்னாள். அளவு மாறிவிடுமே பாப்பா என்றார் கடைக்காரர். மாறத்தான் வேண்டும் என்றாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார்.

தாளைக் கத்தரித்து ஒரு பலகைத் துண்டில் ஒட்டி, நேரே மாமா வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

மாமா தன் டேப்பை அதன்மேல் வைத்துப் பார்த்தார். "மூணு மில்லி கூட இருக்கு. தப்பான ஸ்கேல்."

"தப்பாத்தான் இருக்கணும் மாமா. நீங்களும் சரியாத்தான் செஞ்சீங்க, அம்மாவும் சரியாத்தான் ஊத்தினாங்க. ஆறும்போதுதான் சுருங்கிடுது. இந்த ஸ்கேல் பொய் சொன்னாத்தான் பெட்டி சரியா வரும்."

மாமா ஸ்கேலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்கம்மா என்ன சொன்னா?"

"பதினஞ்சு வருஷமா தோணலையேன்னாங்க."

"அவளேவா சொன்னா?"

"அவங்களேதான்."

மாமா எழுந்து உளிப்பையைத் தோளில் மாட்டினார்.

அந்த ஸ்கேலால் அளந்து புது மாதிரி செய்ய மூன்று நாள் ஆயிற்று. பழைய பெட்டியையே உருக்கி ஊற்றினார்கள். சூடு எட்டாத தூரத்தில் அம்மா தரையில் கிழித்த கோட்டுக்கு இப்பால் வாஷர் நின்றாள். ஆறும்வரை யாரும் அதைத் தொடவில்லை.

பெட்டியை இருவரும் இரு பக்கம் பிடித்துச் சட்டத்தின்மேல் இறக்கினார்கள். நான்கு போல்ட்டும் துளைக்குள் ஏறின. அம்மா பெட்டியை அசைத்துப் பார்த்தாள். அது ஆடவில்லை. மாமாவும் அசைத்துப் பார்த்தார்.

பிறகு மாமா கையைத் துடைத்துக்கொண்டு, வாஷரின் தலைக்கு மேலாக அம்மாவையே பார்த்துக் கேட்டார்.

"அடுத்து என்னக்கா ஊத்தறோம்?"